நொடியின் அறுபதில் ஒரு பங்கு: சண்டை விளையாட்டுகளில் பாணியும் காம்போவும்

இருவர் எதிரெதிரே நின்று, ஒருவரது ஆற்றலைக் காட்டும் கோடு முற்றும் தீரும்வரை கையாலும் காலாலும் மோதிக்கொள்வதையே பொருளாகக் கொண்ட வீடியோ கேம்கள் சண்டை விளையாட்டுகள் எனப்படுகின்றன. 1984இல் வெளிவந்த ‘கராத்தே சாம்ப்’, 1985இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘யீ ஆர் குங்ஃபூ’ முதலியவை இவ்வகைக்கு அடித்தளம் இட்டன; 1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ அதனை உலகெங்கும் கொண்டுசென்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்விளையாட்டு, பொத்தான்களை யார் வேகமாக அழுத்துகிறார் என்னும் போட்டியாக மட்டுமே தோன்றும். ஆனால் அதன் உள்ளமைப்பை அறிந்தவர்கள், ஒவ்வொரு தற்காப்புக் கலையின் பாணியையும் காலத்தையும் தொலைவையும் கையாளும் ஒரு முறையாக மாற்றி அமைத்திருக்கும் நுட்பத்தையே அதில் காண்கிறார்கள். ‘காம்போ’ எனப்படும் தொடர் தாக்குதல் அந்நுட்பத்தின் பளிச்சென்ற விளைவு. எனினும் அது ஆட்டத்தின் உயிர்நாடியன்று, உயிர்நாடி காம்போவுக்கு முந்தைய கணத்தில் இருக்கிறது.

காலத்தை அளக்கும் ஃப்ரேம்

திரையில் அசையும் படம், உண்மையில் அடுத்தடுத்துக் காட்டப்படும் அசையாப் படங்களின் வரிசையே ஆகும். இவ்வரிசையில் உள்ள ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம் எனப்படும். பெரும்பாலான சண்டை விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃப்ரேம் என்னும் நிலையான வேகத்தில் இயங்குவதால், ஒரு ஃப்ரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடியைக் குறிக்கிறது. பந்தய ஓட்டத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கு வெற்றியைத் தீர்மானிப்பது போன்று, இங்கே அறுபதில் ஒரு பங்கு தீர்மானிக்கிறது. அதனால் இவ்விளையாட்டை முறையாகப் பயில்வோர் குத்துகளையும் உதைகளையும் அவற்றின் தோற்றத்தைக் கொண்டு நினைவில் வைப்பதைவிட, அவை எடுத்துக்கொள்ளும் ஃப்ரேம்களின் எண்ணிக்கையைக் கொண்டே நினைவில் வைக்கின்றனர்.

ஒவ்வொரு தாக்குதலும் மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. பொத்தானை அழுத்தியது முதல் கை எதிராளியைத் தொடக்கூடிய நிலையை அடைவது வரையிலான காலம் முதற்கட்டம். கை நீண்டு நின்று அடிக்கும் வலிமையோடு இருக்கும் காலம் இரண்டாம் கட்டம். நீட்டிய கையை மடக்கிப் பழைய நிலைக்குத் திரும்பும் காலம் மூன்றாம் கட்டம். மூன்றாம் கட்டத்தில் இருக்கும் வீரரால் தாக்கவும் இயலாது, தடுக்கவும் இயலாது. ஆகவே வலிமை மிக்க உதைக்கு நீண்ட தொடக்கமும் நீண்ட மீட்சியும், மெல்லிய குத்துக்குக் குறுகிய தொடக்கமும் குறுகிய மீட்சியும் அளிக்கப்படுகின்றன. வலிமைக்கு விலையாகக் காலத்தைக் கொடுக்க வேண்டும் என்னும் இந்த ஒரே விதியிலிருந்தே ஆட்டத்தின் பிற விதிகள் பலவும் கிளைக்கின்றன.

இதன் நடைமுறைப் பொருளை ‘டெக்கன்’ தொடரிலிருந்து விளக்கலாம். நாம்கோ நிறுவனம் 1994இல் தொடங்கிய அத்தொடரில் நின்றபடி விடும் அடிப்படைக் குத்து பொதுவாக 10 ஃப்ரேம்களில் எதிராளியைச் சென்றடைகிறது. எதிராளியை மேலே தூக்கியெறியும் பெருந்தாக்குதல்களில் பல 15 ஃப்ரேம் அளவில் தொடங்குகின்றன. கண்ணால் கண்டதற்குக் கையால் எதிர்வினையாற்ற மனிதருக்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லி நொடிவரை, அதாவது 12 முதல் 15 ஃப்ரேம்வரை, தேவைப்படுகிறது. எனவே 10 ஃப்ரேம் குத்தைக் கண்ட பிறகு தடுக்க எவராலும் இயலாது. அது வரும் என்று முன்கூட்டியே கருதியிருந்தால்தான் தடுக்க இயலும். மாறாக, தாழ்வாக வந்து காலை வாரிவிட்டுப் பெருந்தீங்கு விளைவிக்கும் சில தாக்குதல்கள் 25 ஃப்ரேமுக்கும் மேலான தொடக்கத்தோடு அமைக்கப்பட்டிருப்பதால், விழிப்புள்ள வீரர் அவற்றைக் கண்டே தடுத்துவிட முடியும். எதனைக் கண்டு தடுக்கலாம், எதனைக் கணித்து மட்டுமே தடுக்கலாம் என்ற எல்லைக்கோட்டை வடிவமைப்பாளர்கள் மனிதப் புலன்களின் வரம்பை மனத்தில் கொண்டு வரைந்திருக்கிறார்கள்.

தற்செயலாகக் கிடைத்த கொடை

அடிபட்டவர் சில ஃப்ரேம்கள் செயலற்று நிற்பார். இதனை ஆங்கிலத்தில் வழங்கும் பெயரையே கொண்டு ‘ஹிட்ஸ்டன்’ என்று வீரர்கள் குறிப்பிடுகின்றனர். அச்செயலற்ற காலம் தீரும் முன்பே அடித்தவர் மீண்டு அடுத்த அடியைக் கொண்டுசேர்த்துவிட்டால், எதிராளியால் அந்த இரண்டாம் அடியைத் தடுக்க இயலாது. இவ்வாறு, முதல் அடி பட்ட பின் தப்ப வழியின்றித் தொடரும் அடிகளின் வரிசையே காம்போ.

இன்று இவ்விளையாட்டுகளின் அடையாளமாகவே ஆகிவிட்ட இக்கூறு, திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இல் மூன்று குத்துகளுக்கும் மூன்று உதைகளுக்குமாக ஆறு பொத்தான்களும், எட்டுத் திசைகளில் அசையும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் இருந்தன. ரியூ என்னும் பாத்திரம் ‘ஹதோக்கன்’ எனப்படும் ஆற்றல் பந்தை வீச வேண்டுமானால், ஜாய்ஸ்டிக்கைக் கீழே, கீழ்-முன், முன் என்று உருட்டிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். இத்தகைய சிறப்புத் தாக்குதல்களை ஆடுவோர் எளிதில் நிகழ்த்த வேண்டும் என்பதற்காக, கட்டளை ஏற்கப்படும் கால அளவில் தாராளம் காட்டப்பட்டது. அதன் விளைவாக, ஓர் இயல்பான குத்து எதிராளியைத் தொட்ட நொடியிலேயே அதன் மீட்சியைத் துண்டித்துச் சிறப்புத் தாக்குதலைத் தொடங்க முடிந்தது. விளையாட்டின் தயாரிப்பில் பங்குகொண்ட நோரிடாகா ஃபுனாமிசு, காரை அடித்து நொறுக்கும் ஊக்கச் சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றன் உள்ளே ஒன்றாக அடிகள் விழுவதைக் கவனித்தார். அதனை நிகழ்த்தத் தேவைப்படும் காலத் துல்லியம் மிகக் கடினமாக இருந்ததால் பெரும்பாலோருக்கு அது எட்டாது என்று எண்ணி, நீக்காமல் மறைபொருளாக விட்டுவைத்தார்.

ஆர்கேட் கூடங்களில் ஆடியோர் அதனைக் கண்டுபிடித்து, பயின்று, ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர். பாய்ந்து வந்து வலிய உதை, தரையிறங்கியதும் குனிந்து நடுத்தர உதை, அந்த உதையைத் துண்டித்து ஹதோக்கன் என்னும் ரியூவின் மூவடித் தொடர் அக்காலத்தின் பாலபாடமாக விளங்கியது. 1993இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’, காம்போவின் அடிகளை எண்ணித் திரையில் காட்டி அதற்குத் தனி மதிப்பெண்ணும் வழங்கியபோது, தயாரிப்பாளர்களின் கணிப்பை மீறி ஆடுவோர் கண்டெடுத்த ஒன்று விளையாட்டின் முறையான சட்டமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அதன்பின் பல காம்போ வகைகள் உருவாயின. ஓர் அடியின் மீட்சியை வெட்டி மற்றோர் அடிக்குச் செல்வது ‘கேன்சல்’ எனப்படும். மீட்சி முழுவதும் முடிந்த பின், எதிராளியின் செயலற்ற காலத்தில் எஞ்சியுள்ள ஓரிரு ஃப்ரேம்களுக்குள் அடுத்த அடியைக் கொண்டுசேர்ப்பது ‘லிங்க்’. இதற்கே மிகுந்த துல்லியம் வேண்டும். மெல்லியது, நடுத்தரம், வலியது என்ற வரிசையில் பொத்தான்களை அழுத்தத் தானாகவே இணைந்துகொள்ளும் தொடர் ‘செயின்’. கேப்காமின் ‘டார்க்ஸ்டாக்கர்ஸ்’ 1994இல் இம்முறைக்கு முதன்மை அளித்தது. எதிராளியைத் தரையிலிருந்து மேலே எழுப்பி, கீழே விழவிடாமல் அடித்துக்கொண்டே இருப்பது ‘ஜக்கிள்’.

கலை பொத்தானாக மாறும் விதம்

1993இல் சேகா நிறுவனத்தின் யூ சுசுகி தலைமையிலான குழு ‘வர்ச்சுவா ஃபைட்டர்’ விளையாட்டை வெளியிட்டபோது, பலகோண வடிவங்களால் ஆன முப்பரிமாண உடல்கள் முதன்முறையாக ஒரு சண்டை விளையாட்டின் களத்தில் இறங்கின. குத்து, உதை, தடுப்பு என்ற மூன்றே பொத்தான்களைக் கொண்டிருந்த அவ்விளையாட்டில், தீப்பந்து வீசும் மாயத் திறன்களுக்குப் பதிலாக மெய்யான கலைகளின் அசைவுகள் அடிப்படையாக அமைந்தன. அதன் முதன்மைப் பாத்திரமான அகிரா யூகி கையாளும் பாஜிச்சுவான், சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் உள்ள சாங்ஜோ வட்டாரத்தோடு தொடர்புடைய கலை. எதிராளியை ஒட்டி நின்று, முழங்கையாலும் தோளாலும் முதுகாலும் இடித்துத் தள்ளும் வெடிப்பாற்றலே அதன் அடையாளம். இதனை விளையாட்டாக மாற்றும்போது, அகிராவின் தாக்குதல்கள் குறுகிய தொலைவில் பேராற்றலோடும், ஆனால் பொத்தான் அழுத்தத்தில் மிகுந்த துல்லியம் கோருவனவாகவும் அமைக்கப்பட்டன. அதனால் அப்பாத்திரத்தை ஆடுபவர், எதிராளியை நெருங்குவதற்கான வழியைத் தேடுவதிலேயே ஆட்டத்தின் பெரும்பகுதியைச் செலவிட நேர்கிறது. பாஜிச்சுவான் கலைஞர் ஒருவர் எதிர்கொள்ளும் சிக்கலும் அதுவே என்பதால், பாணி இங்கே உடையாகவோ அலங்காரமாகவோ நின்றுவிடாமல் ஆட்டத்தின் தர்க்கமாகவே மாறிவிடுகிறது.

‘டெக்கன்’ இத்திசையில் மேலும் ஓர் அடி எடுத்துவைத்தது. இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால் என்று உடலின் நான்கு உறுப்புகளுக்கு நான்கு பொத்தான்களை அது ஒதுக்கியதால், ஆடுபவரின் விரல்களுக்கும் பாத்திரத்தின் உறுப்புகளுக்கும் இடையே நேரடியான உறவு ஏற்பட்டது. 1997இல் வந்த ‘டெக்கன் 3’இல் அறிமுகமான ஹ்வோராங், கொரியாவின் டேக்வாண்டோ வீரர். அவரது அசைவுகள் டேக்வாண்டோ ஆசான் ஹ்வாங் சு-இல் என்பவரின் உடலசைவுகளிலிருந்து பதிவு செய்யப்பட்டன. இடக்கால் முன்னிற்கும் நிலை, வலக்கால் முன்னிற்கும் நிலை, ஒரு காலைத் தூக்கி ஒற்றைக்காலில் நிற்கும் நிலை என்று அவருக்குப் பல நிலைகள் உள்ளன. ஒவ்வொரு நிலையிலும் அதே பொத்தான் வேறோர் உதையைத் தருகிறது. ஓர் உதையின் முடிவு மற்றொரு நிலையின் தொடக்கமாக அமைவதால், அவரது தாக்குதல் ஓயாமல் சுழல்வதாகவும், எங்கே முடிகிறது என்று எதிராளி அறிய இயலாததாகவும் விளங்குகிறது.

அதே விளையாட்டில் அறிமுகமான எடி கோர்டோ, பிரேசிலின் கப்போய்ரா கலைஞர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடையே உருவான அக்கலை, இசைக்கேற்ப ஆடும் ஆட்டமும் போரும் ஒன்றாய்க் கலந்தது. மார்செலோ பெரைரா என்னும் கப்போய்ரா ஆசானின் அசைவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட எடி, கைகளைத் தரையில் ஊன்றித் தலைகீழாக நின்றும், தரையில் சாய்ந்தும் சுழன்றும் உதைக்கிறார். அப்பாத்திரத்தின் உதைப் பொத்தான்களைக் கண்மூடித்தனமாக அழுத்தினாலே புதியவர்கள் பலரை வெல்ல முடிந்தது. அவ்வெற்றியின் காரணம் அழுத்தியவரின் வேகத்தில் இல்லை, எந்த உதை மேலே வரும், எது தாழ்வாக வரும் என்பதை எதிராளி அறியாமல் இருந்ததில்தான் இருந்தது. அறிந்த எதிராளியிடம் அதே எடி எளிதில் வீழ்வது, இவ்விளையாட்டில் அறிவுக்குள்ள இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

பாணியைப் பொத்தானாக மாற்றுவதில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டாக, 2001இல் ‘டெக்கன் 4’இல் வந்த ஸ்டீவ் ஃபாக்ஸைக் குறிப்பிடலாம். அவர் குத்துச்சண்டை வீரர். குத்துச்சண்டையில் உதைக்க இடமில்லை. ஆகவே வடிவமைப்பாளர்கள் அவருடைய உதைப் பொத்தான்களைக் குனிந்து வளைதல், பக்கவாட்டில் சாய்தல், பின்வாங்கித் தவிர்த்தல் ஆகியவற்றுக்குரியனவாக மாற்றினர். எதிராளியின் குத்தைத் தலையசைப்பால் தவிர்த்துவிட்டு, அவரது கை மீளும் முன்பே பதிலடி கொடுக்கும் குத்துச்சண்டையின் சாரம், இரண்டு பொத்தான்களின் பொருளை மாற்றியதன் மூலமாகவே ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. 1995இல் ‘டெக்கன் 2’இல் அறிமுகமான லெய் வூலோங்கும் இவ்வகையில் கருதத்தக்கவர். நாகம், டிராகன், புலி, சிறுத்தை, கொக்கு என்ற ஐந்து வடிவங்களுக்கிடையே மாறி மாறிப் போரிடும் அவரை ஆடுபவர், ஐந்து சிறு பாணிகளைக் கற்றாக வேண்டும்.

இவ்வொழுங்குக்கு வெளியே நிற்கும் பாத்திரங்களும் உண்டு. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இல் இந்தியாவைச் சார்ந்தவராக வரும் தால்சிம், யோகத்தால் கைகால்களை நீட்டி அடிப்பவராகவும் நெருப்பை உமிழ்பவராகவும் காட்டப்படுகிறார். யோகப் பயிற்சிக்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. கழுத்தில் மண்டையோடுகளை அணிந்த அத்தோற்றம், இந்தியாவைத் தொலைவிலிருந்து கற்பனை செய்தவர்களின் படைப்பு. ஆயினும் விளையாட்டு வடிவமைப்பு என்ற முறையில் தால்சிம் நுட்பமான பாத்திரமே ஆவார். திரையின் பாதியைக் கடந்து செல்லும் அவரது கை எதிராளியைத் தொலைவிலேயே நிறுத்திவைக்கிறது. அதே வேளையில், நீண்ட அக்கையே எதிராளியின் அடிக்கு இலக்காகவும் அமைகிறது. ஒரு கலையின் உண்மையை விட்டு விலகிய இடத்திலும், நீளத்துக்கு விலையாக ஆபத்தை ஏற்க வேண்டும் என்ற விதியை விளையாட்டு கைவிடவில்லை.

வானில் நிகழும் தொடர்

‘டெக்கன்’ விளையாட்டின் காம்போ பெரும்பாலும் ஜக்கிள் வகையைச் சார்ந்தது. எதிராளியை மேலே எழுப்பும் தாக்குதல் ‘லாஞ்சர்’ எனப்படும். எழும்பியவர் கீழே இறங்குவதற்குள் இரண்டு மூன்று விரைவான அடிகள். பிறகு அவரது உடலை மீண்டும் சுழற்றி எழுப்பும் சிறப்பு அடி. அதன்பின் ஓடிச்சென்று நெருங்கி இறுதித் தாக்குதல் என்று இக்காம்போவின் கட்டமைப்பு அமைகிறது. நடுவே வரும் அந்தச் சிறப்பு அடி, ‘டெக்கன் 6’இல் உடலைத் தரையில் மோதி எழச் செய்யும் ‘பவுண்ட்’ என்றும், ‘டெக்கன் 7’இல் காற்றில் சுழலவைக்கும் ‘ஸ்க்ரூ’ என்றும், 2024 ஜனவரியில் வெளிவந்த ‘டெக்கன் 8’இல் ‘டொர்னேடோ’ என்றும் வடிவம் மாறி வந்துள்ளது. ‘டெக்கன் 4’ முதல் களத்தைச் சுற்றிச் சுவர்கள் எழுப்பப்பட்டதால், எதிராளியைச் சுவர்வரை சுமந்துசென்று அங்கே மேலும் சில அடிகளைச் சேர்ப்பதும் கணக்கில் வந்தது. ஆகவே ஒரே லாஞ்சருக்குப் பின், சுவர் அருகில் இருந்தால் ஒரு காம்போ, தொலைவில் இருந்தால் வேறொன்று, எதிராளியின் ஆற்றல்கோட்டில் சிறிதளவே எஞ்சியிருந்தால் தவறாமல் முடியும் எளிய ஒன்று என்று வீரர் நொடிப்பொழுதில் தேர்ந்தெடுக்கிறார்.

துல்லியத்தின் உச்சத்தைக் காட்டுவது, கசுயா மிஷிமா போன்ற மிஷிமா குடும்பத்துப் பாத்திரங்கள் கையாளும் ‘எலக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட்’ என்னும் மேல்நோக்கிய குத்து. ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளி, நடுநிலைக்கு விட்டு, கீழே அழுத்தி, கீழ்-முன் மூலைக்குக் கொண்டுசெல்லும் அதே ஃப்ரேமில் வலக்கைப் பொத்தானையும் அழுத்த வேண்டும். ஒரு ஃப்ரேம் பிந்தினாலும் சாதாரணக் குத்தே வெளிப்படும். சரியாக அமைந்தால் மின்னல் ஒளியோடு வரும் அக்குத்து எதிராளியை மேலே எழுப்புவதோடு, தடுக்கப்பட்டாலும் அடித்தவருக்கு ஆபத்து விளைவிக்காது. வலிமைக்கு விலை காலம் என்ற பொது விதிக்கு இங்கே அளிக்கப்படும் விலக்கு, பல மாதப் பயிற்சியால் மட்டுமே பெறக்கூடிய ஒன்று.

அடிபடுபவரின் உரிமை

காம்போ கட்டுக்கடங்காமல் வளர்ந்தால், ஒருவர் ஆட மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை ஏற்படும். ஆகவே சண்டை விளையாட்டுகளின் வரலாறு, அடிப்பவரின் சுதந்திரத்துக்கும் அடிபடுபவரின் உரிமைக்கும் இடையே நியாயமான அளவைத் தேடிய வரலாறாகவும் இருக்கிறது. அடிகள் தொடரத் தொடர ஒவ்வோர் அடியின் தீங்கும் குறைந்துகொண்டே வரும் முறை இன்று ஏறத்தாழ எல்லா விளையாட்டுகளிலும் உண்டு. காற்றில் இருப்பவரின் உடல், அடி கூடக் கூட விரைவாகக் கீழே விழுமாறும், மீண்டும் எழுப்பும் சிறப்பு அடி ஒரு காம்போவில் ஒருமுறையே பயன்படுமாறும் வரம்புகள் இடப்பட்டுள்ளன. 1994இல் ரேர் நிறுவனம் உருவாக்கிய ‘கில்லர் இன்ஸ்டிங்க்ட்’, அடிபட்டுக்கொண்டிருப்பவரே சரியான கணத்தில் பொத்தானை அழுத்தித் தொடரை முறிக்கும் ‘காம்போ பிரேக்கர்’ முறையைப் புகழ்பெறச் செய்தது.

1997இல் தொடங்கிய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’ இதற்கு வேறொரு விடை கண்டது. எதிராளியின் அடி வந்து சேரும் கணத்தில், பின்வாங்கித் தடுப்பதற்குப் பதிலாக ஜாய்ஸ்டிக்கை முன்னோக்கித் தட்டினால், அந்த அடி எவ்விதத் தீங்கும் செய்யாமல் தட்டிவிடப்படும். இதற்குப் ‘பாரி’ என்று பெயர். கணம் தவறினால் அடி முழுமையாக விழும். கலிஃபோர்னியாவின் பொமோனா நகரில் 2004இல் நடைபெற்ற, சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டியில், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்’ ஆட்டத்தில் ஜப்பானின் டைகோ உமேஹாரா, அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கை எதிர்த்து ஆடியபோது, இந்த விதியின் முழு ஆற்றலும் வெளிப்பட்டது. உமேஹாரா ஆடிய கென் பாத்திரத்திடம் எஞ்சியிருந்தது மிகச் சிறிதளவு ஆற்றலே. சிறப்புத் தாக்குதலைத் தடுத்தாலும் சிறிது தீங்கு ஏற்படும் என்பதால், சாதாரணத் தடுப்பும் அவருக்குத் தோல்வியையே தரும். வாங் ஆடிய சுன்-லீ 15 உதைகள் கொண்ட பெருந்தாக்குதலைத் தொடுத்தபோது, உமேஹாரா அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, இறுதி உதையைப் பாய்ந்தெழுந்து காற்றில் தட்டிவிட்டு, இறங்கி வந்த வேகத்திலேயே தம் காம்போவைத் தொடங்கி அச்சுற்றை வென்றார். முதல் உதையைத் தட்டிவிட, தாக்குதல் வருமென்று முன்பே கணித்திருக்க வேண்டும். எஞ்சியவற்றைத் தட்டிவிட, அவ்வுதைகளின் தாளத்தை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அப்போட்டியின் இறுதியாட்டத்தில் உமேஹாரா தோற்றார் என்றபோதும், இரு பதிற்றாண்டுகள் கடந்தும் பேசப்படுவது அப்பதினைந்து உதைகளே.

காம்போவுக்கு முந்தைய கணம்

மனப்பாடமாக்கிய காம்போக்கள் மட்டும் வெற்றி தருமானால், பயிற்சி முறையில் அசையாமல் நிற்கும் பொம்மையை அடித்துப் பழகிய எவரும் வாகையராகிவிடலாம். மெய்யான ஆட்டத்தில் எதிராளி தடுக்கிறார், விலகுகிறார், குனிகிறார். ‘டெக்கன்’ விளையாட்டில் நின்று தடுப்பவர், மேலே வரும் அடியையும் நடுத் தாக்குதலையும் நிறுத்துவார். தாழ்வாக வரும் அடிக்கு இரையாவார். குனிந்து தடுப்பவர் தாழ்ந்த அடியை நிறுத்தி, மேலே வரும் அடியைத் தலைக்கு மேல் போகவிடுவார். நடுத் தாக்குதலுக்கு இரையாவார். தடுப்பு எதற்கும் கட்டுப்படாத பிடி-எறிதல் தனி. ஆகவே தடுத்துக்கொண்டே இருப்பவரும் ஏதோ ஒரு கணத்தில் தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வை முன்னறிபவருக்கே லாஞ்சர் வாய்க்கிறது. எதிராளி தம் அடியைத் தொடங்கிய கட்டத்தில் அவரை முந்தி அடித்தால், ‘கவுண்டர் ஹிட்’ என்ற பெயரில் கூடுதல் பயனும் கிடைக்கிறது. பொறுமையற்றவரின் அவசரத்துக்கு விளையாட்டு விதிக்கும் தண்டனை அது.

கர்நாடக இசையில் மிருதங்கக் கலைஞர் கோர்வைகளை முன்னமே கணக்கிட்டுப் பயின்றிருந்தும், எந்தக் கோர்வையை எந்த இடத்தில் எடுத்துச் சமத்தில் சேர்ப்பது என்பதை மேடையில் அக்கணத்தில் தீர்மானிக்கிறார். காம்போவும் அத்தகையதே, அதன் உடல் பயிற்சியில் உருவாகிறது, அதன் இடம் ஆட்டத்தில் கண்டறியப்படுகிறது.

இக்கண்டறிதல் இளமையின் விரல்வேகத்தை மட்டும் சார்ந்ததன்று என்பதற்கு, ஹாங்ஜோவில் 2023இல் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகள் சான்றாகும். அங்கு முதன்முறையாகப் பதக்கப் பிரிவில் இடம்பெற்ற மின்விளையாட்டுகளுள் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ ஒன்று. அதில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. பெரிய நிறுவனங்களின் ஆதரவும் தேவையில்லை என்பதற்கு, பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷின் வரலாறு சான்று. ‘டெக்கன் 7’ உலகில் ஜப்பானும் கொரியாவுமே வலிமை மிக்கவை என்று கருதப்பட்ட நிலையில், 2019இல் ஈவோ ஜப்பான் போட்டியையும், அதே ஆண்டு லாஸ் வேகாஸில் தென்கொரியாவின் பே ஜே-மின்னை வீழ்த்தி ஈவோ போட்டியையும் அவர் வென்றார். தம் ஊரில் தம்மைவிடக் குறையாத வீரர்கள் பலர் இருப்பதாக அவர் தெரிவித்ததையடுத்து, அயல்நாட்டு வீரர்கள் கற்பதற்காகவே பாகிஸ்தானுக்குப் பயணம் மேற்கொண்டனர். உலகின் கண்ணில் படாத ஒரு நகரத்தில், ஒருவரோடொருவர் ஓயாமல் மோதிப் பயின்ற ஒரு குழு, எதிராளியின் மனத்தைப் படிக்கும் அறிவைத் தானாகவே வளர்த்துக்கொண்டிருந்தது.

சண்டை விளையாட்டு மெய்யான போர்க்கலையைக் கற்பிப்பதில்லை. உண்மையில் எவரும் காற்றில் மிதந்தபடி பத்து அடிகளை வாங்குவதில்லை, திரையில் உதைத்துப் பழகியவருக்குக் காலில் வலிமை ஏறுவதுமில்லை. ஆனால் கலைகளிடமிருந்து அது பெற்றிருப்பவை அற்பமானவை அல்ல: தொலைவை அறிதல், காலத்தை அறிதல், எதிராளியை அறிதல், ஓர் அடிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை அறிந்தே அடித்தல். விரல்கள் செய்யும் வேலை இந்த அறிவுக்குப் பின்னரே வருகிறது. ஆகவே இத்தகைய ஓர் ஆட்டத்தை அடுத்த முறை காண நேர்பவர்கள், ஒளியும் ஒலியுமாகத் திரையை நிறைக்கும் காம்போவை மட்டும் வியந்து நின்றுவிடாமல், அதற்குச் சற்று முன்னர் இரு வீரர்களும் ஓர் அடி முன்னேறியும் ஓர் அடி பின்வாங்கியும் ஒருவரையொருவர் அளந்துகொண்டிருந்த அந்தச் சில நொடிகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆட்டம் பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.